ஏட்டில் ஊராட்சியும் சட்டத்தில் ஊராட்சியும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழர்தம் ஊராட்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்ததையும், குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்ததையும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் அமைத்ததையும் விளங்க உரைக்கின்றன. அவற்றின் சிறப்பை மறுப்பார் எவருமிலர். ஆயினும் அச்சபை பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்குக் குறையாது எழுபதுக்கு மேற்படாத வயதும் உடையோரே அங்கு இடம்பெறத் தக்கோராயினர். ஒரு பிரமதேயத்தின் சட்டத்தை எல்லா ஊருக்கும் உரிய முதுசொமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஈழத்தின் கீழ்க்கரையில், மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களுக்கு ஊராட்சி பற்றிய வேறு சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று பழைய ஏடு. மற்றொன்று அண்மைக் காலச் சட்டம். ஏடு என்பது ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற பெயரால் 1962 ஆம் ஆண்டிலே எவ். எக்ஸ். சி. நடராசா அவர்களால் பதிப்பிக்கப்பட்ட தொகுப்பு. சட்டம் என்பது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். ஒன்றை வரலாற்றாசிரியர் படிப்பர். மற்றதை வழக்கறிஞர் படிப்பர். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியன என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஊரை ஆள்வார் யார், எதனை ஆள்வார், யாருக்குக் கணக்குச் சொல்வார் என்னும் மூன்று வினாக்களுக்கு இரண்டும் விடை கூறுகின்றன. அவ்விடைகளை அருகருகே வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடல் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்னும் இப்பெயர்களே வாவியை நடுவாகக் கொண்டு உலகை நோக்கிய மக்களின் பார்வையைக் காட்டும். எழுவான்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி நெருங்கிக் கிடக்கின்றன. அவ்வூர்களில் வாழ்வோர் பலருக்கு வயல் படுவான்கரையில் இருந்தது. குடியிருப்பு ஓரிடம், விளைநிலம் ஓரிடம், இடையிலே நீர். இந்நிலையிலே ஊராட்சி என்பது ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவதன்று. அதனாற்றான் போலும், இப்பகுதியின் பழைய ஆட்சிப் பிரிவு ஊரன்று, ‘பற்று’ ஆயிற்று. மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, எருவில்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என்னும் பெயர்கள் இன்றும் பிரதேச சபைகளின் பெயர்ப்பலகைகளிலே நிலைத்திருக்கின்றன. பெயர் மாறவில்லை, பெயருக்குள் அடங்கிய பொருள் மாறிவிட்டது.

மான்மியத்தை இதுகாறும் அறிஞர் இருவகையாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். ஒரு சாரார் அதனை அரசர் வரலாறாகக் கொண்டு, ஆடகசவுந்தரியும் கலிங்க மாகனும் எக்காலத்தவர், ஏடு கூறும் ஆண்டுகள் பிற சான்றுகளோடு பொருந்துமா என ஆராய்வர். இவ்வாராய்ச்சியில் ஏடு பெரும்பாலும் தோல்வியே காண்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட மாகன் வரலாற்று மாந்தனே ஆயினும், அவனைச் சுற்றி ஏடு புனைந்துள்ள செய்திகள் அனைத்தையும் அவ்வாறே ஏற்றல் இயலாது. மற்றொரு சாரார் அதனைக் குலப் பெருமையின் ஆவணமாகக் கொண்டு, தத்தம் குடியின் தோற்றத்தை அதிலே தேடுவர். இவ்வழி ஆராய்ச்சிக்கு அன்று, வழக்காடுதற்கே பயன்படும்.

ஏட்டின் அமைப்பை நடுநிலையோடு நோக்குமிடத்து மூன்றாவது வழி ஒன்று புலப்படும். அரசன் வருகிறான், வெல்கிறான், கோயில் எடுக்கிறான். இவை சுருங்கச் சொல்லப்படுகின்றன. அதன்பின் யாருக்கு எந்த ஊழியம், யாருக்கு எந்த வரிசை, எக்குடி முன் நிற்கும், எக்குடி பின் நிற்கும், எத்தொழிலோர் கோயிலுக்கும் தலைமைக்கும் என்ன செய்யக் கடவர் என்னும் செய்திகளிலேதான் ஏட்டின் உள்ளம் படிந்து கிடக்கின்றது. மட்டக்களப்பு வழக்கிலே ‘கல்வெட்டு’ என்பது பெரும்பாலும் கல்லில் வெட்டியதைக் குறியாது. ஏட்டில் எழுதப்பட்டுச் சபையிலே படிக்கப்படும் உரிமைப் பாடலையும் உரையையும் குறிக்கும். அவ்வகைக் கல்வெட்டுகளின் திரட்டாகவே மான்மியத்தின் பெரும்பகுதியைக் கொள்ளலாம். எனவே அதனை அரசர் சரித்திரம் என்பதினும் ஊராட்சியின் கடமைப் பட்டியல் என்பது பொருந்தும். நடந்தது இது என்று உரைப்பதினும், நடக்க வேண்டுவது இது என்று விதிப்பதே அதன் தொழில்.

அப்பட்டியலின் அடிப்படை அலகு குடி. குடி தாய்வழியாக வருவது. ஒருவன் தன் தாயின் குடியினனேயன்றித் தந்தையின் குடியினன் அல்லன். ஒரே குடிக்குள் மணம் கொள்வது வழக்கமன்று. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி முதலான பெயர்கள் படுவான்கரையிலே இன்றும் வழங்குவன. கோயிலதிகாரம் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் முறை இதனின்றும் எழுந்தது. முக்குவர் சட்டம் என வழங்கிய உடைமை முறையும் இதனோடு பின்னிக் கிடந்தது. அச்சட்டத்தைப் பிறிற்றோ என்பவர் 1876 இலே நூலாக எழுதினார். அதே ஆண்டிலே பிறந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் வலுவைக் குறைத்தது. உடைமையை நிருவகிக்கும் உரிமையைச் சட்டம் பறித்த பின்னும், கோயில் நிருவாகத்திலே குடிமுறை நிலைத்தமை எண்ணத்தக்கது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், மண்டூர் முருகன் கோயில், திருக்கோவில் சித்திர வேலாயுதர் கோயில் முதலியவை ‘தேசத்துக் கோயில்’ எனப்படுவன. ஓர் ஊருக்கு மட்டும் உரியவையாகாமல், ஒரு நிலப்பரப்புக்கே பொதுவாய் நிற்றலின் இப்பெயர் பெற்றன. இவற்றின் நிருவாகம் குடிகளின் சார்பிலே நிற்கும் வண்ணக்கர் கையில் உளது. திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டுள்ளன. தன் நாளுக்குரிய எண்ணெயும் நெல்லும் ஆளும் கொண்டுவரத் தவறிய குடி, ஊரார் அனைவரும் காணத் தலைகுனிய நேரும். முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிமுறையும், குடிக்கு ஒரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் முறையும் இருந்தன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே பல ஆண்டுகள் செய்த ஆய்வின் பயனாக 2008 இல் வெளியிட்ட பெருநூல், இருசமயத்தார்க்கும் பொதுவான இவ்வமைப்பை விரிவாக எடுத்துக்காட்டுகின்றது. சமயம் வேறாயினும் ஊராளும் இலக்கணம் ஒன்றாய் இருந்தது என்பது இன்றைய வாசகன் மறத்தற்குரியதன்று.

கோயிலை ஊராட்சியின் மன்றமாகக் கொண்டமை மட்டக்களப்புக்கே தனித்த விந்தையன்று. இங்கிலாந்திலும் ஊராட்சியின் அடி அலகு, கிறித்தவத் தமிழர் ‘பங்கு’ எனச் சொல்லும் கோயிற் பிரிவே. 1555 ஆம் ஆண்டின் சட்டம் சாலை பேணும் கடமையைப் பங்கு மக்களின் உடலுழைப்பின்மேல் சுமத்தியது. 1601 ஆம் ஆண்டின் சட்டம் ஏழைகளைக் காக்கும் பொறுப்பையும் பங்கின்மேல் வைத்தது. 1894 இலேதான் கோயிற் காரியம் வேறு, ஊர்க் காரியம் வேறு எனப் பிரித்து, தெரிந்தெடுக்கப்பட்ட பங்குச் சபைகள் அமைக்கப்பட்டன. தகுதியுடைய பெண்டிர் வாக்களிக்கவும் அச்சபைகளில் அமரவும் அச்சட்டம் இடமளித்தது. பங்கு என்னும் பழைய அலகை அழிக்காமல், அதன் கதவை மட்டும் அகலத் திறந்தமை அச்சீர்திருத்தத்தின் சிறப்பு. மட்டக்களப்பிலே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அது பின்னர்ப் புலப்படும்.

மான்மியம் காட்டும் முறையின் வலிமை எது? கடமையையும் மதிப்பையும் அது ஒரே கயிற்றில் கட்டியது. வயலில் நீர் பாய்ச்சும் ஒழுங்கைக் காப்பவன் வட்டை விதானை. அவனுக்கு ஊதியம் கச்சேரியிலிருந்து வரவில்லை, வட்டையின் விளைவிலிருந்தே வந்தது. வட்டை விளையாவிடின் அவன் கையும் வெறுங்கையே. போடியாருக்கு வயல் மிகுதி. ஆகவே அணைக்கட்டு உடைந்தால் முதலில் இழப்பவரும் அவரே. ஆள்வோரின் நலனும் ஊரின் நலனும் ஒரே மழைக்கும் ஒரே வறட்சிக்கும் உட்பட்டன. கணக்கு எழுத்தில் இல்லாவிடினும் களத்திலும் கோயில் முன்றிலிலும் அது எல்லோர் கண்முன்னும் தீர்க்கப்பட்டது.

இவ்வலிமையைப் போற்றியோர் பலர். வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இலே வெளிவந்து, இந்நாட்டின் நாட்டுப் பாடல்களையும் கோயில்களையும் வழக்காறுகளையும் ஒருங்கே திரட்டித் தந்தது. அந்நூல் செய்த பணி பெரிது. ஆனால் அன்பினால் எழுதப்படும் நூல்களின் பொதுக் குறை ஒன்றுண்டு: முறையின் அழகு தெரியும், அம்முறையின் கீழ் நின்று சுமந்தவனின் முதுகு தெரியாது. மான்மியத்தை அளவுகோலாகக் கொள்ளும் எவரும் இக்குறைக்கு இரையாகாது தப்புதல் அரிது.

ஏனெனில் மான்மியம் கடமையை வகுப்பவரின் குரலிலே பேசுகின்றது. கடமையைச் சுமப்பவரின் குரலிலே அன்று. பறை முழக்குவோனும் ஆடை வெளுப்போனும் அதிலே ஊழியப் பெயர்களாக வருகின்றனரேயன்றி, உரிமை கேட்கும் வாய்களாக வரவில்லை. முக்குவர் திமிலரை வென்றதாக மட்டக்களப்பு மரபு வழங்கும் போர்க்கதையும் வென்றோரின் பக்கமிருந்தே சொல்லப்படுகின்றது; தோற்றோர் கூறியிருக்கக்கூடிய கல்வெட்டு எவர் கைக்கும் எட்டவில்லை. குடி தாய்வழியாக வந்தும், அக்குடியின் பேரால் சபையில் அமர்ந்தோர் ஆடவரே. இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகனே மனைவியின் வீட்டுக்கு வருவான். வீட்டுக்கு உரியவள் பெண், குடிக்கு ஊற்று பெண், ஆயினும் வண்ணக்கர் அவையிலே பெண் இல்லை. உத்தரமேரூருக்கும் இதற்கும் இவ்வகையிலே வேறுபாடு பெரிதன்று. ஒன்று நிலமும் வேதமும் இல்லாதவனைப் புறத்தே நிறுத்தியது. மற்றது பிறப்பால் வரிசை பெறாதவனைப் புறத்தே நிறுத்தியது.

பிறப்பால் வந்த இவ்வாட்சியை உடைத்தது ஆங்கிலேயர் சட்டமே எனச் சிலர் கருதுவர். வரலாறு அத்துணை நேரானதன்று. 1832 இலே இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது, கட்டாய ஊழியம் என்னும் கொடுமையோடு குளம் பேணும் கூட்டுழைப்பும் தளர்ந்தது. கால் நூற்றாண்டு கழிவதற்குள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அதன் விளைவைக் கண்டு, 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வயல்நீர் பற்றிய பழைய வழக்காறுகளுக்கு மீண்டும் சட்ட வலுத் தேடினார். அக்காலத்தில் மட்டக்களப்போடு சேர்ந்திருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவராட்சியிலே திருத்தப்பட்டன. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களையும் கிராம நீதிமன்றுகளையும் அமைத்தது. ஆயினும் அச்சங்கத்தின் தலைமை அரசாங்கம் நியமித்த பெருந்தலைமைக்காரரிடமே இருந்தது. மட்டக்களப்பிலே அத்தலைமைக்காரர் ‘வன்னியனார்’ என்னும் பழம்பெயராலேயே அழைக்கப்பட்டார். ஏட்டில் வரும் வன்னிமை, கச்சேரியின் கையாளாக மறுபிறவி எடுத்தது. மக்கள்முன் பழைய மதிப்பு, ஏசண்டர்முன் புதிய பணிவு என்னும் இரட்டை முகம் அன்று தோன்றியது.

1924 ஆம் ஆண்டுச் சட்டமும், 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமையும், அத்தசாப்தத்தின் பிற்பகுதியிலே செய்யப்பட்ட திருத்தங்களும் கிராமச் சங்கத்தைத் தெரிந்தெடுக்கப்பட்ட சபையாக்கின. வட்டாரம் வட்டாரமாக உறுப்பினர் வந்தனர். நிலமில்லாதவனும் ஒரு வாக்கு, போடியாரும் ஒரு வாக்கு என்னும் நிலை இப்பகுதியின் வரலாற்றிலே சிறிய புரட்சியன்று. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்து வட்டை விதானையின் இடத்தை எடுத்துக்கொண்டது. எனினும் அப்பெயர் வயல் வழக்கிலே மறையவில்லை. 1963 இலே கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சையால் தெரியப்படும் கிராம சேவகர் வந்தார். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் பிறப்புரிமை ஊராட்சியின் எல்லாக் கதவுகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டது. இது வரையிலே சட்டத்தின் பக்கமே நியாயம் எனலாம்.

ஆனால் கதவு திறக்கப்பட்ட காலத்திலேயே வீட்டின் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் செல்லப்பட்டன. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டம் நாடெங்கும் இருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கிராம சபைகளையும் பட்டின சபைகளையும் ஒழித்து, மாவட்டத்துக்கு ஒரு சபை என ஆக்கியது. அது நிலைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபைகளை உண்டாக்கி, 1988 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2018 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாடு முழுவதும் 276 பிரதேச சபைகள் இருந்தன. ஐந்நூறு இருந்த இடத்தில் இதன் அரைப்பங்கு. ஊருக்கு இருந்த சபை பற்றுக்குச் சென்றது. அதனோடு விகிதாசாரத் தேர்தல் முறையும் வந்தமையால், சபைப் பரப்பு முழுவதும் ஒரே தொகுதியாயிற்று. தன் ஊருக்கென ஓர் உறுப்பினர் என்னும் உறவும் 2018 வரை இல்லாதொழிந்தது. இங்கிலாந்திலே பழைய அலகைக் காத்துக் கதவை அகலத் திறந்தனர். இங்கே கதவைத் திறந்து அலகை அழித்தனர்.

இனிச் சட்டத்தின் பொருளை நோக்குவோம். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொதுப் பாதைகள் ஆகியவற்றை நிருவகித்து, மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணுவது பிரதேச சபையின் பணி என அது வகுக்கின்றது. குப்பை அகற்றல், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூல்நிலையம், சிறு பாதைகள் ஆகியன இவ்வகுப்பில் அடங்கும். இவை வேண்டுவனவே. ஆயினும் வாவிக்கரை மக்கள் எதனால் வாழ்கின்றனர்? நெல்லால், மீனால், மாட்டால். உன்னிச்சை, நவகிரி முதலிய பெருங்குளங்களின் நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். சிறுகுளங்களும் கமக்காரர் அமைப்புகளும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். எப்போது விதைப்பது, எவ்வளவு பரப்பு என்று முடிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் கூட்டம் மாவட்டச் செயலாளர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையிலே கூடும். வாவியின் மீன் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தின் ஆட்சியில். அரச காணியின் உத்தரவுப் பத்திரம் பிரதேச செயலாளரின் மேசையில். யானை ஊருக்குள் புகுந்தால் அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபைக்கு எஞ்சுவது யானை வந்த பாதைக்கு ஒரு விளக்குப் போடும் அதிகாரமே.

பாதையும் முழுவதும் சபைக்கு உரியதன்று. படுவான்கரையின் ஒரு வண்டிப் பாதையைத் தொடர்ந்து செல்பவன் அதனை உணர்வான். பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அதிலிருந்து பிரியும் தெரு மாகாணத் திணைக்களத்துக்கு. குடியிருப்புக்குள் நுழையும் ஒழுங்கை பிரதேச சபைக்கு. அதைக் கடந்தால் வயற்பாதை கமநல சேவைக்கு. அதன் முடிவில் உள்ள குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. ஒரே நெல்மூடை ஐந்து ஆட்சிகளைக் கடந்து ஆலைக்குச் செல்கின்றது. வெள்ளத்தில் அப்பாதை அரிக்கப்பட்டால், யாரிடம் முறையிடுவது என்று அறிவதற்கே உழவனுக்கு ஒரு போகம் கழியும்.

இதனோடு இரட்டை ஆட்சியும் சேர்ந்தது. பிரதேச சபை இருக்கும் அதே பரப்பிலே, 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற பிரதேச செயலகமும் இருக்கின்றது. வதிவிடச் சான்றும் நிவாரணமும் காணியும் வேண்டுவோர் கிராம சேவகர் வழியாகச் செயலகத்துக்கே செல்வர். கிராம சேவகர் சபைக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். வாக்குக் கேட்டு வருபவர் ஒருவர். வாழ்வை நிருணயிக்கும் கையொப்பம் இடுபவர் மற்றொருவர். மக்கள் கையொப்பத்தையே பெரிதென மதிப்பது இயல்பு.

வருவாயும் அவ்வாறே. சபை ஆதன வரி விதிக்க வேண்டுமாயின், அவ்விடம் அபிவிருத்தியடைந்த இடமெனப் பிரகடனம் செய்யப்படல் வேண்டும். கடைத்தெரு நெருங்கிய எழுவான்கரைச் சபைக்கு இதனால் ஓரளவு வருவாய் உண்டு. வயலும் பற்றைக்காடும் பரந்த வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதிகளில் அத்தகைய இடம் சிறிது. ஆனால் பேண வேண்டிய பாதையோ மிக நீண்டது. நாட்டுக்கு நெல் தரும் கரை வறிய சபையையும், நெல்லை விற்கும் கரை வளமான சபையையும் பெறுவது இச்சட்டத்தின் உள்ளமைப்பிலேயே அமைந்த முரண்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சபை தொடர்ந்து இருந்ததுமில்லை. போர்க் காலத்திலே கிழக்கில் 1994 மார்ச்சிலே உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மட்டக்களப்பு மக்கள் மீண்டும் அத்தகைய வாக்குப் பெட்டியைக் கண்டது 2008 மார்ச் 10 அன்று. பதினான்கு ஆண்டுகள் இடையிலே கழிந்தன. 2018 பெப்ரவரியிலே கலப்புத் தேர்தல் முறையில் தெரியப்பட்ட சபைகள் 2023 மார்ச்சிலே கலைந்தன. அம்மாதத்தில் நடைபெறவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வொத்திவைப்பு அடிப்படை உரிமையை மீறியது என 2024 ஆகஸ்டிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்றே தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஈராண்டும் செயலாளரே சபை. சபை இல்லாத காலத்தை மக்கள் எவ்வாறு கழித்தனர் என்பதே சிந்தனைக்குரியது. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகம், மரண உதவிச் சங்கம், மீனவர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியன ஊர்க் காரியத்தை ஏற்று நடத்தின. சட்டம் உறங்கியபோது ஏட்டின் முறையே வேறு பெயரோடு விழித்திருந்தது.

இதனைக் கண்டு, பழைய முறைக்கே மீள்வது நன்று எனக் கூறுவோர் உளர். அக்கூற்று ஆராயாது கூறுவது. கோயில் சபை ஊரைத் தாங்கியது உண்மை. ஆனால் அக்கோயிலுக்குள் வரிசையில்லாதவன் அதன் சபையிலும் இல்லை. பிற சமயத்தவன் அறவே இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பற்றில் ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிடும் நாட்டிலே, இருவரும் ஒருங்கே அமரக்கூடிய மன்றம் சட்டம் தந்த சபையொன்றே. பிறப்பால் பெற்ற தலைமையிலே வாராத பெண்ணும், 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இருபத்தைந்து சதவீத ஒதுக்கீட்டால் 2018 இலே அச்சபைக்குள் நுழைந்தாள். வீடும் குடியும் பெண்வழியாகச் செல்லும் நாட்டிலே அவளுக்கு அவையில் இடம் கிடைக்க ஏடு தவறியது, சட்டம் தந்தது. இவ்வொன்றே சட்டத்தை ஏட்டினும் உயர்த்தப் போதுமானது.

ஆகவே தீர்ப்பு இருபாற்படும். ஏடு வயலையும் நீரையும் கோயிலையும் ஊராட்சியின் கையில் வைத்தது. ஆனால் மனிதரிலே பெரும்பாலாரை அக்கையிலிருந்து விலக்கியது. சட்டம் எல்லா மனிதரையும் உள்ளே அழைத்தது. ஆனால் அவர் வாழும் தொழில்களை வெளியே வைத்துக் கதவைச் சாத்தியது. முன்னது உள்ளடக்கம் உடையது, உரிமை இல்லாதது. பின்னது உரிமை உடையது, உள்ளடக்கம் இல்லாதது. மக்கள் பிரதேச சபையை மதிக்கவில்லை என வருந்துவோர், மதிக்கத்தக்க பொறுப்பு அதனிடம் எவ்வளவு தரப்பட்டது என்று முதலில் வினவுதல் வேண்டும்.

செய்யத்தக்கது எது என்பதும் இம்மதிப்பீட்டிலிருந்தே தோன்றும். விதைப்பு நாளைக் குறிக்கும் கூட்டத்திலே தெரிந்தெடுக்கப்பட்ட சபைக்கு அழைப்பு மட்டுமன்றி வாக்கும் இருத்தல் வேண்டும். வாவி மீன்பிடி பற்றிய விதிகளை ஆக்குமுன் இருகரைச் சபைகளின் கருத்தும் கேட்கப்படல் வேண்டும். நெல் விளையும் கரைக்கு நெல்லால் வரும் வருவாயிலே ஒரு பங்கு திரும்புதல் வேண்டும். வட்டை விதானைக்கு விளைவிலே பங்கு தந்த பழைய நியாயம் இதுவே. உத்தரமேரூரிலிருந்து எடுக்கத்தக்கது குடவோலையன்று. கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்ற விதியே. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளையும் கட்டுப்படுத்துகின்றது. ஒழுங்கைக்குக் கொட்டிய கிரவலின் கணக்கைக் கேட்க இன்று எந்த ஊரவனுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் பழக்கம் வேரூன்றின், களத்திலும் கோயில் முன்றிலிலும் முன்னோர் தீர்த்த கணக்கு சபை மண்டபத்திலும் தீரும்.

2014 ஏப்பிரலிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், தோணித்துறையிலே காத்திருந்த காலம் முடிந்து, எழுவான்கரையும் படுவான்கரையும் சில நிமிடத் தொலைவில் வந்துவிட்டன. யப்பானிய உதவியோடு அரசாங்கம் கட்டிய அப்பாலம் இருகரையையும் இணைத்தது. பாலத்தின் இருமுனையிலும் உள்ள ஊர்களின் நீரையும் நெல்லையும் வாக்கையும் இணைக்கும் பணியோ வெளியார் எவரும் கட்டித் தரக்கூடியதன்று. அது அவ்வூர்ச் சபைகளின் கையில் வருமட்டும், பற்று என்பது பெயர்ப்பலகையில் மட்டுமே நிற்கும்.